கொலு மிச்சத்தை வைத்து ஹாலோவீன் பாப்-அப் கார்டு: மூடினால் வெளியே நீட்டாமல் செய்வது எப்படி?

எடிசன் அம்மா:

வணக்கம். நாங்கள் இருப்பது நியூஜெர்சியில். மகள் இரண்டாம் வகுப்பு. வகுப்பில் வேர்க்கடலை ஒவ்வாமை உள்ள பிள்ளைகள் இருப்பதால் ஹாலோவீனுக்கு மிட்டாய், சாக்லேட் எதுவும் கொடுத்துவிட வேண்டாம், பென்சில், ஸ்டிக்கர், கார்டு என்று சாப்பிட முடியாத பொருள் எதுவானாலும் சரி என்று சொல்லியிருக்கிறார்கள். மகளுக்குத் திறந்தவுடன் உள்ளே இருப்பது எழுந்து நிற்கிற கார்டுதான் வேண்டுமாம். வகுப்பில் 22 பேர்.

ஒரு பை நிறையப் பொருள் வீட்டிலேயே கிடக்கிறது. கொலுப்படிக்கு வாங்கிய ஜிகினாத்தாள், சம்கி, கறுப்பும் ஆரஞ்சுமாகக் கன்ஸ்ட்ரக்‌ஷன் பேப்பர், பிறந்தநாளில் மிஞ்சிய டிஷ்யூ பேப்பர், பைப் கிளீனர் (பஞ்சு சுற்றிய, வளைகிற கம்பி), உருளும் கண்கள், ஃபோம் டேப், பாதி பாக்கெட் கார்ட்ஸ்டாக் (கெட்டியான அட்டைத்தாள்), அப்புறம் ஊரிலிருந்து வந்து சேர்ந்த கல்யாணப் பத்திரிகைகள். புதிதாக எதுவும் வாங்காமல் இதிலேயே முடிக்கப் பார்க்கிறேன். வெட்டுகிற மெஷின் கிடையாது, கத்தரிக்கோலும் ஒரு கட்டரும்தான்.

மாதிரிக்கு ஒன்று செய்து பார்த்தோம். திறந்தால் பூசணி நன்றாக எழுந்து நிற்கிறது, ஆனால் மூடினால் காம்பு கார்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. கறுப்புத் தாள் மடிப்பில் வெளிறிப்போய்ப் பிசிறுகிறது. உருளும் கண் ஒட்டிய கார்டு மூடவே மாட்டேன் என்கிறது. எந்தப் பொருளை எங்கே வைக்க வேண்டும், அளவை எப்படிக் கணக்குப் போடுவது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தாள்மடி:

முதலில் அளவு, ஏனென்றால் அது சரியானால் பாதிப் பிரச்சினை போய்விடும். 8½ × 11 அங்குல கார்ட்ஸ்டாக்கைக் குறுக்கே இரண்டாக வெட்டினால் 5½ × 8½ துண்டு இரண்டு கிடைக்கும். ஒரு துண்டை நடுவில் மடித்தால் 5½ அகலம், 4¼ ஆழம், கடையில் ஏ2 என்ற பெயரில் கிடைக்கிற வாழ்த்து அட்டை உறைக்குள் அப்படியே போகும். மடிப்பு உங்களுக்கு எதிர்ப்புறம் இருக்கும்படி, லேப்டாப் திறப்பதுபோல் திறக்கிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். கீழ்ப்பக்கம் தரை, மேல்பக்கம் வானம்.

தாளை மடித்த நிலையிலேயே பிடித்து, மடிப்பு விளிம்பிலிருந்து உள்நோக்கி 1 அங்குல நீளத்துக்கு இரண்டு நேர் வெட்டு போடுங்கள், இரண்டுக்கும் நடுவே அரை அங்குல இடைவெளி. அந்தப் பட்டையை வெட்டு முடிகிற இடத்தில் முன்னும் பின்னுமாக மடித்து அழுத்திவிட்டு, கார்டைத் திறந்து, பின்னாலிருந்து விரலால் உள்பக்கம் தள்ளினால் ஒரு சின்னப் படி எழும்பும். படியின் முன்முகத்தில் பூசணியையோ பேய்வீட்டையோ ஒட்டுகிறோம், மேல்முகத்தில் பசை படக் கூடாது. இந்த உத்தியின் ஆதாரமே இந்தப் படிதான், மற்றதெல்லாம் அலங்காரம்.

இப்போது காம்பு நீட்டுகிற விஷயம். படி எவ்வளவு முன்னால் வருகிறதோ அந்த நீளத்தையும் (நீங்கள் போட்ட வெட்டின் நீளம்தான் அது), அதில் ஒட்டுகிற உருவத்தின் உயரத்தையும் (தரையிலிருந்து உச்சி வரை) கூட்டுங்கள். கூட்டுத்தொகை கார்டின் ஆழமான 4¼-ஐ விடக் குறைவாக இருந்தால் மூடும்போது உருவம் உள்ளேயே அடங்கும், கூடினால் கூடின அளவுக்கு வெளியே நீட்டும். காரணம் எளிது. மூடும்போது உருவம் படுத்துக்கொண்டே திறக்கிற விளிம்பை நோக்கி நகர்கிறது, அது படுக்க ஆரம்பிக்கிற இடமே படியின் அளவுக்கு முன்னால் தள்ளி இருக்கிறது. அதனால் 1 அங்குலப் படியில் 3 அங்குல உயரம்வரை போகலாம். அரை அங்குலப் படியில் 3½ போகலாம். ஒன்றரை அங்குலப் படி என்றால் 2½-க்கு மேல் வேண்டாம். பார்த்தீர்களா, முன்னால் வர வர உருவம் குட்டையாகிறது. பின்னால் உயரமாக நிலாவும் பேய்வீடும், நடுவில் கல்லறைக் கற்கள், முன்னால் குட்டிப் பூசணி என்று காட்சி தானாகவே அமைந்துவிடும். ஒரே கார்டில் இந்த மூன்று படியும் பக்கத்தில் பக்கத்தில் வெட்டலாம், நெருக்கிவிடாமல் நடுவில் கொஞ்சம் தாள் விட்டால் போதும்.

அடுத்தது தாள். கன்ஸ்ட்ரக்‌ஷன் பேப்பரில் படி வெட்டாதீர்கள். அது நார் நாராக இருக்கும் தாள், நாலு தடவை திறந்து மூடினால் மடிப்பில் வெளிறிப் பிய்ந்துவிடும். உருவங்களுக்கும் பின்னணிக்கும் அது அருமையான தாள்தான், மடிகிற இடத்துக்கு மட்டும் ஒத்துவராது. மடிகிற பகுதிக்கு உங்களிடம் உள்ள கார்ட்ஸ்டாக். இங்கே பாக்கெட்டில் சாதாரணமாகக் கிடைப்பது 65 பவுண்டு என்று போட்ட தாள், நம் கணக்கில் ஏறக்குறைய 176 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம்), இந்த வேலைக்கு அதுவே சரியான கனம். தாளுக்கு ஒரு நார்வாக்கு, அதாவது நார்கள் ஓடுகிற திசை, உண்டு. லேசாக இரண்டு திசையிலும் வளைத்துப் பாருங்கள், எந்தப் பக்கம் எதிர்ப்பில்லாமல் வளைகிறதோ அந்தப் பக்கமே மடியுங்கள், வெடிக்காது. மடிக்கும் முன் ஸ்கேல் வைத்து, மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி ஒரு கோடு இழுத்தால் மடிப்பு நேராக விழும்.

ஒன்று முக்கியம். படி வெட்டிய தாளுக்கு வெளியே ஓர் அட்டை ஒட்டத்தான் வேண்டும், இல்லாவிட்டால் முகப்பில் ஓட்டை தெரியும். ஒட்டும்போது படிகளுக்குப் பின்னால் பசை படவே கூடாது, பட்டால் படி எழும்பாது. உள்தாளை எல்லாப் பக்கமும் ஒரு நூல் (அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு) சின்னதாக வெட்டிக்கொள்ளுங்கள்.

உருளும் கண், பைப் கிளீனர், ஃபோம் டேப் எதையும் உள்ளே வைக்காதீர்கள். கனமான பொருள் உள்ளே போனால் கார்டு படியாது, படியாத கார்டில் மடிப்பு சீக்கிரம் தளரும். எல்லாம் முகப்புக்கு.

ஸ்கார்பரோ அக்கா:

தங்கச்சி, கலியாண அழைப்பிதழ்களை எறிந்துவிடாதீர்கள், வெளி மட்டைக்கு அதைவிட நல்ல சாமான் கிடையாது. கனமான மட்டை, உள்பக்கம் பெரும்பாலும் வெறுமையாக இருக்கும், மெரூன் அல்லது பச்சை உறைகள் அப்படியே பேய்வீட்டுச் சுவர் நிறம். பிள்ளையார் படமும் பெயர்களும் உள்ள பக்கத்தை வெட்ட எனக்கு மனம் வராது, அதைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு மற்றப் பக்கத்தைப் பாவிப்பேன். பொன்னிறக் கரையைக் கீலம் கீலமாக வெட்டினால் சூனியக்காரியின் தொப்பிக்கு நாடா, யன்னலுக்கு வெளிச்சம்.

ஆனால் வழுவழுப்பான அழைப்பிதழில் வெள்ளைப் பசை பிடிக்காது. காய்ந்தது போலத் தெரியும், பிறகு நகத்தால் தட்டினாலே கழன்று வரும். ஒட்டுகிற இடத்தை மட்டும் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துவிட்டு ஒட்டுங்கள், அல்லது இரட்டைப் பக்க டேப் போடுங்கள். ஜிகினாத்தாளுக்கும் இதே கதைதான். மெல்லிய தாளுக்கு வெள்ளைப் பசை போட்டால் நனைந்து சுருங்கும், அதற்குக் குச்சிப் பசை.

சிலந்தி வலைக்குப் பசை நூல் ஒன்றும் வாங்கவேண்டாம். வெங்காயமும் தோடம்பழமும் வருகிற வலைப்பை வீட்டில் இருக்கும்தானே. கழுவிக் காயவைத்து, ஒரு மூலையளவு வெட்டி, இழுத்துப் பிடித்து நாலு இடத்தில் பசை தொட்டு ஒட்டினால் வலை. செம்மஞ்சள் வலை என்றால் அப்படியே ஹாலோவீன் நிறம். கறுப்பு மட்டையில் வைத்தால் மிகவும் வடிவாக இருக்கும்.

வௌவால் செய்யப் போகிறீர்கள் என்றால் படி தேவையில்லை. புத்தகம் மாதிரிப் பக்கவாட்டில் திறக்கிற கார்டில், கறுப்பு மட்டையை இரண்டாக மடித்து வௌவாலின் பாதியை வெட்டுங்கள், விரித்தால் இரண்டு செட்டையும் ஒரே அளவாக வரும். அடியில் இரண்டு பக்கமும் ஒட்டுவதற்கு ஓரம் விட்டு அதைப் பின்னால் மடியுங்கள். வௌவாலின் நடு மடிப்பு கார்டின் நடு மடிப்பில் சரியாக இருக்கவேண்டும், செட்டைகள் கொஞ்சம் சரிவாக, இரண்டு பக்கமும் ஒரே சரிவாக. இரண்டு ஓரத்தையும் கண் அளவில் ஒட்டப் போகாதீர்கள். முதலில் ஒரு பக்கத்தை ஒட்டுங்கள். வௌவாலை அந்தப் பக்கமே தட்டையாக மடித்து, மேலே தெரிகிற மற்ற ஓரத்தில் பசை பூசி, கார்டை அப்படியே மூடி அழுத்துங்கள். ஓரம் தன் இடத்தைத் தானே பிடித்துக்கொள்ளும். திறந்தால் செட்டை விரியும்.

ஃப்ரிமாண்ட் அப்பா:

நான் மகனின் வகுப்பில் இந்த மாதிரிக் கைவேலை நாட்களுக்கு உதவப் போகிறவன். 22 கார்டும் அம்மாவே செய்து கொடுப்பதைவிட உங்கள் மகள் கை பட்டதாக இருப்பது நல்லது, பிள்ளைகள் அதைத்தான் மதிப்பார்கள், "இதை நீயே செய்தாயா" என்றுதான் முதலில் கேட்பார்கள். ஏழு வயதுக் கைக்கு ஏற்ற உத்தி ஒன்று இருக்கிறது, அதில் ஒரே ஒரு வெட்டுதான்.

தாளை மடித்து, மடிப்பின் நடுவிலிருந்து உள்நோக்கி ஒன்றரை அங்குலம் ஒரு வெட்டு. வெட்டின் இரண்டு உதட்டையும் முக்கோணமாக மேலும் கீழும் மடித்து, திருப்பி அந்தப் பக்கமும் மடித்து, பிறகு திறந்து இரண்டு முக்கோணத்தையும் உள்ளே தள்ளினால் ஒரு வாய் வரும். கார்டைத் திறந்து மூடினால் வாய் பேசும். அதைச் சுற்றிப் பூசணி முகம் வரையட்டும், டிராகுலா வரையட்டும், உள்ளே சிவப்புத் தாள் வைத்து வெள்ளைப் பல் ஒட்டட்டும். இதில் நீட்டுகிற பிரச்சினை கிடையாது, அளவுக் கணக்கும் வேண்டாம். கட்டர் வேலையும் இல்லை, பிள்ளைகளின் கத்தரிக்கோலே போதும்.

என் யோசனை: பெரும்பாலான கார்டுகளை வாய் மாதிரியில் மகள் செய்யட்டும், ஆசிரியைக்கும் நெருங்கிய தோழிகளுக்கும் மட்டும் நீங்கள் இருவரும் சேர்ந்து மூன்று படிக் காட்சி செய்யுங்கள். இல்லை, எல்லோருக்கும் ஒரே மாதிரிதான் கொடுக்க வேண்டும் என்று நினைத்தால் எல்லாமே வாய். வகுப்பில் வித்தியாசம் தெரிந்தால் சில பிள்ளைகள் வருத்தப்படும், ஆசிரியைக்கு உரியதைத் தனியாகக் கொடுங்கள்.

உருவத்தைத் தேர்ந்தெடுக்கும்போதும் கொஞ்சம் பாருங்கள். ஹாலோவீன் கொண்டாடாத குடும்பத்துப் பிள்ளைகளும் வகுப்பில் இருப்பார்கள், பல பள்ளிகள் அதனாலேயே இலையுதிர்கால விழா என்று பொதுவாக வைத்துக்கொள்கின்றன. பூசணி, ஆந்தை, வௌவால், கறுப்புப் பூனை எல்லோருக்கும் பொருந்தும். ரத்தம், மண்டையோடு இந்த வயதுக்குத் தேவையில்லை.

மிட்டாய் இல்லாமல் கொடுப்பது என்பது இப்போது வகுப்போடு நிற்கவில்லை. அமெரிக்காவில் உணவு ஒவ்வாமைக்கான ஃபேர் என்ற அமைப்பு 2014-இல் டீல் பம்ப்கின் திட்டத்தை நாடு முழுக்கக் கொண்டுவந்தது. வாசலில் நீலப்பச்சை நிறப் பூசணி வைத்திருந்தால் அந்த வீட்டில் சாப்பிடாத பரிசும் கிடைக்கும் என்று அர்த்தம். மிஞ்சுகிற கார்டுகளை உங்கள் வாசலிலும் அப்படி வைக்கலாம். ஒவ்வாமை உள்ள பிள்ளை ஒவ்வொரு வீட்டிலும் வாங்கியதை அம்மாவிடம் திருப்பிக் கொடுப்பதைப் பார்த்திருக்கிறேன், அந்தப் பிள்ளைக்கு ஒரு கார்டு கிடைத்தால் அது பெரிய விஷயம்.

பழைய தபால்:

நான் பழைய வாழ்த்து அட்டைகள் சேர்ப்பவன், அதனால் ஒரு சின்னச் சேர்க்கை. அசைகிற ஹாலோவீன் அட்டை புதிய மோகம் இல்லை. 1900-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஹாலோவீன் தபால் அட்டைகள் ஏராளமாகப் புழங்கின. 1907-இல்தான் அங்கே முகவரிப் பக்கத்தின் ஒரு பாதியில் செய்தி எழுத அனுமதி வந்தது, படத்துக்கு முழு முன்பக்கமும் கிடைத்தது. அந்தக் காலத்து ஓவியர்களில் எலன் கிளாப்சாடில் (1865-1934) பெரிய பெயர். அவர் வரைந்த ஹாலோவீன் அட்டைகளில் சிலவற்றில் குழந்தையின் கை தனித் துண்டாக இருக்கும், அசைக்கலாம்.

இதை உங்கள் மகள் செய்யலாம். பூனையோ சூனியக்காரியோ உடலைத் தனியாகவும் கையைத் தனியாகவும் வெட்டி, தோளில் துளை போட்டு, இரண்டு கால் விரிகிற பித்தளை ஆணியால் கோர்த்தால் கை மேலும் கீழும் ஆடும். அந்த ஆணி இல்லாவிட்டால் தடித்த நூலில் முன்னும் பின்னும் முடிச்சு போட்டாலும் போதும். இது முகப்பில் இருக்க வேண்டும், பின்பக்கம் விரிந்த காலின் மேல் ஒரு துண்டு டேப் ஒட்டிவிடுங்கள், விரலைக் கிழிக்காது.

டிஷ்யூ பேப்பர் இருக்கிறது என்றீர்கள், அதை வீணாக்காமல் தேன்கூட்டுப் பூசணி செய்யுங்கள். அமெரிக்காவில் 1900-இல் தொடங்கிய பீஸ்டில் என்ற கம்பெனி தேன்கூட்டு டிஷ்யூ அலங்காரங்களுக்கே பெயர் போனது, உத்தி இன்றும் அதேதான். ஆரஞ்சு டிஷ்யூவை ஒரே அளவில் இருபது துண்டு வெட்டுங்கள். முதல் தாளில் குறுக்கே ஓர் அங்குலத்துக்கு ஒரு கோடு என்று குச்சிப் பசை, மேலே இரண்டாவது தாள், அதில் பசைக்கோடு முந்தைய கோடுகளுக்கு நடுவில் விழ வேண்டும். மூன்றாவதில் மறுபடி பழைய இடம். இப்படியே மாற்றி மாற்றி அடுக்கிக் காயவிட்டு, அடுக்கை அரைப் பூசணி வடிவில் வெட்டுங்கள். நேர் விளிம்பு பசைக்கோடுகளுக்குக் குறுக்கே வர வேண்டும், இது மாறினால் விரியாது. நேர் விளிம்பை ஊசிநூலால் இரண்டு தையல் போட்டுப் பிடித்து, அதைக் கார்டின் நடு மடிப்பில் வைத்து, மேல் தாளை ஒரு பக்கமும் அடித் தாளை மறு பக்கமும் ஒட்டுங்கள். திறந்தால் உருண்டையாகப் பூசணி வரும், மூடினால் ஒரு நூல் அளவு கனம்தான். இதைப் புத்தகம் மாதிரி முழுக்க விரிகிற கார்டில் செய்ய வேண்டும், பாதி திறப்பதில் பூசணியும் பாதிதான் வரும்.

எடிசன் அம்மா:

எல்லோருக்கும் மிக்க நன்றி. கூட்டல் கணக்குப்படி காம்பை வெட்டியவுடன் பூசணி உள்ளே அடங்கிவிட்டது. மகள் வாய்க் கார்டுகளை இப்போதே தொடங்கிவிட்டாள், பல் மட்டும் ஒவ்வொன்றிலும் வேறு வேறாக வேண்டுமாம்.

இரண்டு சந்தேகம். தாள்மடி, மூன்று படிக் காட்சியைத் திறந்து மேசையில் வைத்தால் மேல்பக்கம் பின்னால் சாய்ந்து முழுக்க விரிந்துவிடுகிறது, வீடும் அதோடு பின்னால் போய்விடுகிறது. செங்கோணத்தில் நிற்க என்ன செய்வது? இன்னொன்று, இதில் ஒன்றை டொராண்டோவில் இருக்கும் அண்ணன் பிள்ளைகளுக்குத் தபாலில் அனுப்ப வேண்டும், கனத்துக்குக் கூடுதல் கட்டணம் வருமா?

தாள்மடி:

சாய்வதற்கு ஒரு நூல் போதும், அதிலேயே சிலந்தியும் கிடைத்துவிடும். படிகள் இல்லாத ஓரத்தில், நடு மடிப்பிலிருந்து 2 அங்குலம் தள்ளித் தரையில் ஒரு புள்ளி, வானத்தில் அதே நேரில் 2 அங்குலத்தில் ஒரு புள்ளி. இரண்டிலும் ஊசியால் துளை போட்டு, கறுப்பு நூலைக் கோர்த்து, இடையில் 2¾ அங்குலம் இருக்கும்படி பின்பக்கம் முடிச்சு போட்டு டேப் ஒட்டுங்கள். இதை வெளி அட்டை ஒட்டும் முன் செய்ய வேண்டும், அப்போதுதான் முடிச்சு மறையும். கார்டு ஏறக்குறைய செங்கோணத்துக்கு வரும்போது நூல் இழுத்துப் பிடிக்கும், அதற்கு மேல் திறக்காது. நூலின் நடுவில் ஒரே அளவில் வெட்டிய இரண்டு கறுப்புச் சிலந்திகளை நூலை நடுவே வைத்து முதுகோடு முதுகாக ஒட்டிவிட்டால், திறக்கும்போது சிலந்தி துள்ளி எழும். மூடும்போது நூல் தொய்ந்து முன்னால் வரும், இந்த அளவில் அது கார்டுக்குள்ளேயே அடங்கும். சிலந்தியின் கால்களை மட்டும் அரை அங்குலத்துக்கு மேல் நீட்டாதீர்கள். துளை சுற்றித் தாள் கிழியாமல் இருக்க, ஊசி குத்தும் முன்பே பின்னால் ஒரு துண்டு டேப் ஒட்டிவிட்டு அதன் வழியாகக் குத்துங்கள்.

தபாலுக்கு, முகப்பில் உருளும் கண் இல்லாத கார்டாகப் பார்த்து எடுங்கள். யுஎஸ்பிஎஸ்-இல் (அமெரிக்கத் தபால் சேவை) கடிதம் என்ற கணக்கில் போக கால் அங்குலத்துக்கு மேல் கனம் இருக்கக் கூடாது, அதற்குள் இருந்தாலும் ஓர் இடத்தில் மட்டும் புடைத்திருந்தால் இயந்திரத்தில் போகாது என்று கூடுதல் கட்டணம் வாங்குவார்கள். சதுர உறைக்கும் அப்படித்தான், அதனால் ஏ2 உறையிலேயே வையுங்கள். உறைக்குள் கார்டோடு அதே அளவில் ஒரு சீரியல் டப்பா அட்டை வைத்தால் உள்ளே இருப்பது நசுங்காது. கனடாவுக்குச் சர்வதேச ஸ்டாம்ப் வேண்டும், உள்நாட்டு ஸ்டாம்ப் போதாது.

ஸ்கார்பரோ அக்கா:

அண்ணன் பிள்ளைகள் திருப்பி அனுப்ப நினைத்தால் இங்கே கனடா போஸ்டில் சாதாரணக் கடிதத்துக்கு 5 மில்லிமீட்டர் கனம், 50 கிராம் எடை, அதுதான் எல்லை. ஒரு மட்டையில் 5 மில்லிமீட்டர் அகலத்துக்கு நீட்டாக ஒரு வெட்டு வெட்டி வைத்துக்கொண்டு, உறை அதற்குள் இடறாமல் நுழைகிறதா என்று வீட்டிலேயே பாருங்கள். மூன்று படிக் கார்டு நன்றாகப் படிந்திருந்தால் தாராளமாக நுழையும். படியாவிட்டால் ஓர் இரவு கனமான புத்தகத்தின் அடியில் வையுங்கள், பசை முழுக்கக் காய்ந்த பிறகுதான், ஈரத்தோடு வைத்தால் படி ஒட்டிக்கொள்ளும். சம்கித்தூள் போட்ட கார்டு என்றால் உறையில் போடும் முன் ஒருதரம் வெளியே தட்டிவிடுங்கள்.